குறையை ஏற்றதால் பெருகிய கொள்ளளவு

அளவற்ற அருளாளனாகிய இறைவன் மனிதனுக்கு வழங்கிய பேறுகளுள் நினைவாற்றல் தலையாயது. அதனோடு மறதியையும் சேர்த்தே அவன் வழங்கியுள்ளான். மறதியை வெல்ல விரும்பிய மனிதன் கல்லில் வெட்டினான்; ஓலையில் கீறினான்; தாளில் அச்சிட்டான். அந்த நெடிய வரிசையில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்து சேர்ந்ததே வன்தட்டு என நாம் அழைக்கும் ஹார்டு டிஸ்க்.

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் வன்தட்டுக்கு என்ன வேலை எனச் சிலர் வினவக்கூடும். எழுத்தைக் காப்பது எதுவோ அது எழுத்தைப் பயில்வோர்க்கும் உரியதே என்பது நம் விடை. ஓலை நறுக்கும் முறையையும், மஞ்சளும் கரியும் தடவி எழுத்தைத் துலக்கும் முறையையும் அறிந்துகொள்வது தமிழ் மாணவனுக்குப் பெருமை தருமெனில், இன்றைய எழுத்தெல்லாம் குடிகொண்டிருக்கும் தட்டின் வரலாற்றை அறிவதும் அவனுக்குப் பயன் தருவதேயாகும்.

வன்தட்டின் வளர்ச்சியைப் பேசுவோர் பெரும்பாலும் எண்களைக் கண்டு வியப்பதோடு நின்றுவிடுகின்றனர். 1956ஆம் ஆண்டின் முதல் வன்தட்டுக் கருவி 50 இலட்சம் எழுத்துகளைத் தாங்கியது. இன்றைய அளவீட்டில் அது ஏறத்தாழ 3.75 மெகாபைட். இன்றோ உள்ளங்கையில் அடங்கும் ஒரே கருவி 30 டெராபைட்டுக்கும் மேல் தாங்குகிறது. ஏறத்தாழ 80 இலட்சம் மடங்கு வளர்ச்சி! இவ்வளவு பெரிய வளர்ச்சியை, குறையே இல்லாத பொருளைச் செய்து முடித்த திறமையின் விளைவு என்றே பலரும் கருதுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. குறை நேரும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அதனைக் கண்டறியவும் திருத்தவும் ஏற்பாடு செய்ததாலேயே கொள்ளளவு பெருகியது என்பதே நம் கருத்து. பெருங்கணிப்பொறிகளுக்கென உருவான வன்தட்டுகளின் வரலாறே இதற்குச் சான்று. அதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

ஆசிரியர் ஒருவர் தலைமையேற்ற ஆய்வுக்கூடம்

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் பள்ளி ஆசிரியராக இருந்த ஒருவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்தவர் ரெனால்டு ஜான்சன். மாணவர்களின் விடைத்தாளில் பென்சிலால் இடப்பட்ட குறிகளை மின்சாரத்தால் உணர்ந்து மதிப்பெண் இடும் கருவியை அவர் வகுத்தார். அதனை அறிந்த ஐ.பி.எம். நிறுவனம் 1934இல் அவரைப் பணியில் அமர்த்திக்கொண்டது. 1952இல் கலிபோர்னியா மாநிலத்தின் சான் ஹோசே நகரில் புதிய ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அந்நாளில் வணிக நிறுவனங்களின் கணக்குகள் துளையட்டைகளில் இருந்தன. ஓர் அட்டையில் 80 எழுத்துகள். ஒரு வாடிக்கையாளரின் கணக்கைத் திருத்த வேண்டுமாயின் எழுத்தர் பெட்டியில் தேடி அந்த அட்டையைக் கையால் எடுக்க வேண்டும். இன்றேல், நாள் முழுதும் சேர்ந்த கணக்குகளை வரிசைப்படுத்தி, அட்டைக்கட்டு முழுவதையும் பொறியில் ஓட்ட வேண்டும். காந்த நாடாவும் அப்போது வந்துவிட்டது. எனினும் நாடாவின் கடைசியில் உள்ள செய்தியை எட்ட வேண்டுமானால் முதலிலிருந்து சுருளை ஓட்டியே தீரவேண்டும். சேமிக்க இடம் இருந்தது. வேண்டியதை வேண்டியபோது எடுக்கும் வழிதான் இல்லை.

ஜான்சன் குழுவினர் கண்ட தீர்வு சுழலும் தட்டு. இரண்டு அடி விட்டமுள்ள 50 தட்டுகளை ஒரே தண்டில் அடுக்கினர். தட்டின் மேல் இரும்பு ஆக்சைடு கலந்த பூச்சு. அப்பூச்சைக் காலுறைத் துணியில் வடிகட்டி, காகிதக் குவளையிலிருந்து சுழலும் தட்டின் நடுவே ஊற்றி, அது தானாகப் பரவும்படி செய்தனர் என அவ்வாய்வுக்கூடத்தின் வரலாறு கூறுகிறது. பெரிய காரியங்களின் தொடக்கம் இவ்வளவு எளியதாகவும் இருக்கிறது!

நிமிடத்திற்கு 1,200 முறை சுழன்ற அத்தட்டடுக்கின் பக்கத்தில் ஒரு கரம் மேலும் கீழுமாக ஏறி இறங்கும். வேண்டிய தட்டை அடைந்ததும் அதற்குள் நுழைந்து, வேண்டிய தடத்தில் நின்று, எழுதும் அல்லது படிக்கும். இதற்கு ஆன நேரம் சராசரியாக ஒரு வினாடியில் பத்தில் ஆறு பங்கு. 1956 செப்டம்பரில் 305 ராமாக் என்னும் கணிப்பொறியோடு இணைந்து இக்கருவி உலகிற்கு அறிவிக்கப்பட்டது. ஒரு டன்னுக்கும் மேற்பட்ட எடை; 62,500 துளையட்டைகளுக்கு நிகரான கொள்ளளவு; மொத்தப் பொறிக்கும் மாத வாடகை 3,200 டாலர். 1958இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் மக்கள் கேட்ட வரலாற்று வினாக்களுக்குப் பத்து மொழிகளில் விடை அளித்து ராமாக் புகழ்பெற்றது.

தொடாமல் எழுதும் கலை

தட்டின் மேல் எழுதவும் படிக்கவும் பயன்படும் சிறிய காந்தக் கருவியைப் பொறியாளர் 'தலை' என்பர். கொள்ளளவின் இரகசியம் முழுவதும் இத்தலைக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள வெளியில் அடங்கியிருக்கிறது. தலை எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நுண்ணிதாக எழுதலாம். எவ்வளவு நுண்ணிதாக எழுதுகிறோமோ அவ்வளவு மிகுதியாக அடக்கலாம். ஆனால் நெருங்க நெருங்க இடர்ப்பாடும் பெருகும். தட்டைத் தலை தொட்டுவிட்டால் பூச்சு கிழியும்; அங்கிருந்த எழுத்து அழியும்.

மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கை மைக்ரான் என்பர். ராமாக்கின் தலை தட்டிலிருந்து ஏறத்தாழ 20 மைக்ரான் விலகி நின்றது. அந்த இடைவெளியைக் காக்கத் தனிப்பொறி கொண்டு காற்றை அழுத்திச் செலுத்தினர். 1961இல் அறிவிக்கப்பட்ட 1301 என்னும் கருவியில் அக்காற்றுப்பொறி தேவைப்படவில்லை. தட்டு சுழலும்போது அதனோடு இழுபட்டு ஓடும் காற்றே தலையைத் தாங்கியது. வானூர்தியின் இறகைக் காற்று தாங்குவது போன்றதே இது. இடைவெளி 6 மைக்ரான் அளவுக்குக் குறைந்தது. ஒவ்வொரு பக்கத்திற்கும் தனித்தனித் தலை அமைந்ததால் கரம் ஏறி இறங்க வேண்டிய தேவையும் நீங்கியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் சேபர் எனப்பட்ட பயணச்சீட்டுப் பதிவுமுறை இக்கருவிகளின் மேல்தான் இயங்கியது. ஓர் இருக்கை காலியாக உள்ளதா என ஒரு நகரத்தில் கேட்ட கேள்விக்குத் தொலைவில் இருந்த தட்டு சில வினாடிகளில் விடை சொன்னது.

அடுத்து, 1962இல் தட்டுகளைக் கட்டாகக் கழற்றி எடுத்து வேறு கருவியில் பொருத்தும் 'டிஸ்க் பேக்' முறை வந்தது. 1964இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/360 வரிசைப் பெருங்கணிப்பொறிகள் இம்முறையைப் பரவச் செய்தன. நூலகத்தில் நூலை எடுத்து வைப்பதுபோலத் தட்டுக்கட்டுகளை எடுத்து வைத்தனர். இதுவரை வந்த வளர்ச்சி, பொருளை மேலும் மேலும் செம்மையாகச் செய்வதால் விளைந்ததே. அதனை நாம் மறுக்கவில்லை. எனினும் அவ்வழி ஓர் எல்லையில் வந்து நின்றது.

மூன்று ஒப்புதல்கள்

ஒரு தட்டில் எத்துணை நெருக்கமாக எழுதுகிறோமோ அத்துணை சிறிய குறையும் பெரிய கேடாகிவிடும். முன்பு ஓர் எழுத்தின் ஓரத்தை மட்டும் தொட்ட மாசு, இப்போது ஒரு சொல்லையே விழுங்கிவிடும். மாசற்ற தட்டைத்தான் விற்போம் என்று பிடிவாதம் பிடித்தால், செய்யும் தட்டுகளுள் பெரும்பாலானவற்றைக் குப்பையில் எறிய நேரும். எஞ்சியவற்றின் விலையோ எட்டாத உயரத்திற்கு ஏறும். இந்நிலையில்தான் பொறியாளர்கள் மூன்று உண்மைகளை ஒப்புக்கொண்டனர்.

முதல் ஒப்புதல்: தட்டில் மாசு இருக்கும். 1970 ஜூனில் அறிவிக்கப்பட்ட 3330 என்னும் கருவி பிழைதிருத்தும் குறியீட்டைக் கொண்டிருந்தது. எழுதவேண்டிய செய்தியோடு, அச்செய்தியிலிருந்தே கணக்கிட்டுப் பெற்ற சில கூடுதல் குறிகளையும் அது சேர்த்து எழுதும். படிக்கும்போது கணக்கு ஒத்துவராவிடில் பிழை எங்கே என்று கண்டு, தொடர்ந்து 11 பிட் அளவு வரை சிதைந்திருந்தாலும் அதனைத் தானே திருத்திக்கொள்ளும். சிறு மாசுள்ள தட்டும் பயன்பட்டது, விலை குறைந்தது, கொள்ளளவு ஒரு கட்டுக்கு 100 மெகாபைட்டாக உயர்ந்தது. முந்தைய 2314 கருவியின் கட்டு தாங்கியது 29 மெகாபைட் மட்டுமே.

இரண்டாம் ஒப்புதல்: தலை வழி விலகும். முன்னைய கருவிகளில் தலை நிற்கவேண்டிய இடத்தை இயந்திர அமைப்பே நிலைநிறுத்தியது. வெப்பத்தால் தட்டு விரிந்தாலும், கட்டை வேறு கருவியில் மாட்டினாலும், தடம் ஓரிடமும் தலை ஓரிடமுமாகிவிடும். 3330 கருவியில் தட்டுக்கட்டின் இருபது பக்கங்களுள் ஒன்றில் வழிகாட்டும் குறிகளை மட்டும் எழுதினர். அந்தப் பக்கத்துத் தலை தான் எங்கே நிற்கிறது, எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை இடைவிடாமல் அறிந்து சொல்லும். ஒலிபெருக்கியில் உள்ளது போன்ற கம்பிச்சுருள் ஒன்று உடனுக்குடன் தலைகளை இழுத்து நேராக்கும். எஞ்சிய பத்தொன்பது பக்கங்களில்தான் செய்தி இருந்தது. இருபதில் ஒரு பங்கு இடத்தை வழிகாட்டுதலுக்கென விட்டுக்கொடுத்தனர். அதனால் மற்ற பத்தொன்பதிலும் தடங்களை நெருக்கி எழுத முடிந்தது. இழந்தது சிறிது, பெற்றது பெரிது.

மூன்றாம் ஒப்புதல்: தலை தட்டைத் தொடும். 1973இல் வெளிவந்த 3340 கருவியை 'வின்செஸ்டர்' என்னும் பெயரால் உலகம் அறியும். நிலையாக 30, கழற்றத்தக்கதாக 30 மெகாபைட் என முதலில் திட்டமிட்டதால், 30-30 என வழங்கிய வின்செஸ்டர் துப்பாக்கியின் பெயரை அக்கருவிக்குச் சூட்டினர். திட்டத்தை வழிநடத்தியவர் கென்னத் ஹாட்டன். அதுவரை தலை தட்டைத் தொடுவது பெருங்கேடு எனக் கருதப்பட்டது. தட்டு நிற்கும் முன் தலைகளை வெளியே இழுத்துவிட வேண்டும். வின்செஸ்டரில் தலையை மிக இலேசானதாகச் செய்தனர். தட்டின்மேல் மெல்லிய மசகுப் படலம் பூசினர். தட்டு ஓய்ந்திருக்கும்போது தலை அதன் மேலேயே அமர்ந்திருக்கும்படி விட்டனர். சுழற்சி தொடங்கியதும் தலை தானே எழும். ஓய்ந்ததும் தானே இறங்கும். தொடுதலைத் தடுப்பதை விட்டுத் தொட்டாலும் கேடு விளையாதபடி செய்தனர். விளைவு என்ன? இடைவெளி அரை மைக்ரான் அளவுக்குக் குறைந்தது. பின்னர் வந்த வன்தட்டுகள் பலவும் வின்செஸ்டரின் வழித்தோன்றல்களே.

மூன்று ஒப்புதல்களிலும் ஓர் ஒற்றுமை இருப்பதைக் காண்கிறோம். குறை இல்லை எனச் சாதிக்கும் போக்கு அவற்றில் இல்லை. குறையை மறைக்கும் போக்கும் இல்லை. குறை எங்கே நேரும், எவ்வளவு நேரும், நேர்ந்தால் யார் திருத்துவது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பிறகே அடுத்த அடி எடுத்து வைத்தனர்.

பேருருவமும் சிற்றுருவங்களும்

1980 ஜூனில் அறிவிக்கப்பட்ட 3380 கருவி இரண்டரை ஜிகாபைட்டைத் தாங்கியது. வீட்டுக் குளிர்பெட்டியையொத்த உருவம் கொண்டது. உராய்வு தொடர்பான சிக்கல் எழுந்ததால் அது 1981 அக்டோபர் வரை வாடிக்கையாளரைச் சென்றடையவில்லை. உலகின் முன்னணி நிறுவனமே தன் பெரும்படைப்பை ஓராண்டுக்கு மேல் நிறுத்திவைத்துச் செப்பனிட நேர்ந்தது. அதன் வழிவந்த 3390 கருவி 1989இல் அறிவிக்கப்பட்டது. பெருங்கணிப்பொறிக்கெனவே செய்யப்பட்ட பேருருவத் தட்டுகளின் பரம்பரை அதனோடு ஏறத்தாழ முடிவுற்றது.

முடிவுக்குக் காரணமான சிந்தனை ஒரு பல்கலைக்கழகத்தில் பிறந்தது. 1988இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் ஆகிய மூவரும் ஓர் ஆய்வுரையை வெளியிட்டனர். 7,500 மெகாபைட் தாங்கும் 3380 பேருருவக் கருவியை, தனிமனிதர் கணிப்பொறிக்கென மலிவாகச் செய்யப்பட்ட 100 மெகாபைட் சிறு தட்டோடு அவர்கள் ஒப்பிட்டனர். சிறு தட்டுகள் பலவற்றைச் சேர்த்தால் பேருருவத்தின் வேலையை வாங்கலாமே என்பது அவர்கள் எழுப்பிய வினா.

அதில் ஒரு பெரும் இடையூறு இருந்ததையும் அவர்களே எடுத்துக்காட்டினர். ஒரு தட்டு சராசரியாக 30,000 மணி நேரம் பழுதின்றி உழைக்கும் எனக் கொள்வோம். நூறு தட்டுகளைச் சேர்த்தால், அவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதாவதற்கு ஆகும் நேரம் சராசரியாக 300 மணி மட்டுமே. அஃதாவது இரண்டு வாரத்திற்கும் குறைவு! கூட்டம் பெருகப் பெருகக் குறைவுபடும் வாய்ப்பும் பெருகும். ஆகவே கூட்டத்தை மட்டும் சேர்த்துப் பயனில்லை. ஒருவர் வீழ்ந்தால் மற்றவர் தாங்கும் ஏற்பாடு வேண்டும்.

அந்த ஏற்பாட்டை எளிய கணக்கால் விளக்கலாம். மூன்று தட்டுகளில் 7, 4, 9 என்னும் எண்கள் இருப்பதாகக் கொள்வோம். நான்காம் தட்டில் அவற்றின் கூட்டுத்தொகையான 20ஐ எழுதி வைப்போம். இரண்டாம் தட்டு அழிந்துவிட்டது. அதிலிருந்த எண் யாது? 20இலிருந்து 7ஐயும் 9ஐயும் கழித்தால் 4 கிடைத்துவிடுகிறது. அழிந்த தட்டில் இருந்ததை உயிரோடிருக்கும் தட்டுகள் கூடிச் சொல்லிவிடுகின்றன. உண்மையில் தட்டுகள் செய்யும் கணக்கு இதனினும் வேறுபட்டது. எனினும் கருத்து இதுவே. இம்முறைக்கு 'ரெய்டு' என்று பெயர் சூட்டினர்.

1990இல் இ.எம்.சி. நிறுவனம் சிறு தட்டுகளை அடுக்கிய சிமெட்ரிக்ஸ் என்னும் கருவியைப் பெருங்கணிப்பொறிச் சந்தையில் இறக்கியது. 1994இல் ஐ.பி.எம். நிறுவனமும் சிறு தட்டுகளின் அணி ஒன்றை வெளியிட்டு அதற்குத் தன் முதல் வன்தட்டின் பெயரான ராமாக் என்பதையே மீண்டும் சூட்டியது. 2002இல் தன் வன்தட்டுத் தொழிலை ஹிட்டாச்சி நிறுவனத்திற்கு விற்க உடன்பட்டது. வன்தட்டைப் பெற்றெடுத்த நிறுவனமே அத்தொழிலை விட்டு விலகியது. ஆயினும் ஒரு விந்தையைக் காண்க: இன்றைய பெருங்கணிப்பொறிகள் தம் சேமிப்பை இன்றும் 3390 தட்டுகளாகவே கருதிக்கொள்கின்றன. உண்மையில் அங்கே 3390 ஏதும் இல்லை. சின்னஞ்சிறு நினைவகங்கள் கூடிநின்று, மறைந்துபோன பேருருவத்தின் பெயரில் கடமையாற்றிக்கொண்டிருக்கின்றன.

நம் மரபு அறிந்த உண்மை

பிழை நேரும் என ஒப்புக்கொண்டு காவல் அமைக்கும் இச்சிந்தனை நமக்குப் புதியதன்று. ரமளான் இரவுகளில் தராவீஹ் தொழுகையில் திருக்குர்ஆன் முழுவதையும் மனப்பாடமாக ஓதும் ஹாபிழை நாம் அறிவோம். அவருக்குப் பின்னால் மற்றொரு ஹாபிழ் நின்று செவிமடுப்பார். முன்னிற்பவர் ஓர் இடத்தில் தடுமாறினால் பின்னிற்பவர் உடனே எடுத்துக்கொடுப்பார். ஓதுபவர் அதனை ஏற்றுத் திருத்தி ஓதி மேலே செல்வார். இதில் இழிவு ஏதுமில்லை, சினம் ஏதுமில்லை. மனன ஆற்றலில் தலைசிறந்தோரும் பிழைபடலாம் என்பதை ஒப்புக்கொண்டதால் அல்லவா இந்த ஏற்பாடு? நபிமொழிகளைத் தொகுத்த அறிஞர்களும், யார் யாரிடம் கேட்டார் என்னும் தொடரை ஆராய்ந்து, ஒரு வழியில் வந்ததை மற்றொரு வழியில் வந்ததோடு ஒப்பிட்டே கொள்ளத்தக்கதைக் கொண்டனர்.

மறுபுறம், ஏற்பாடின்றி விடப்பட்டவற்றின் கதியையும் நாம் அறிவோம். இசுலாமியத் தமிழிலக்கியத்தின் தொன்மையான நூலாகக் கருதப்படும் பல்சந்தமாலையில் நமக்குக் கிடைத்திருப்பவை எட்டுப் பாடல்கள் மட்டுமே. அவையும் களவியற் காரிகையின் உரையாசிரியர் மேற்கோளாக எடுத்தாண்டதால் எஞ்சியவை. நூல் அழிந்தது, பிறிதொரு நூல் தாங்கியிருந்த பகுதி மட்டும் பிழைத்தது.

இவ்விரண்டையும் எண்ணிப் பார்க்கும்போது, நம் கல்விநிலையங்கள் குறித்தும் சில சொல்ல வேண்டியிருக்கிறது. மாணவரின் பிழையை நாம் எவ்வாறு நடத்துகிறோம்? சிவப்பு மையால் சுழித்து மதிப்பெண்ணைக் குறைப்பதோடு நம் கடமை முடிந்ததாகக் கருதுகிறோம். பிழை எங்கே நேர்ந்தது, எவ்வாறு திருந்தும் என்று சொல்வாரின்றி மாணவர் அடுத்த வகுப்பிற்குச் செல்கின்றார். விளைவு, பிழையைத் திருத்தக் கற்பதற்கு மாறாக அதனை மறைக்கக் கற்கின்றார். தெரியாததைத் தெரியாது எனச் சொல்ல அஞ்சுகின்றார். குறையை மறைக்கும் தட்டு ஒருநாள் எல்லாவற்றையும் இழந்து நிற்கும். குறையை மறைக்கும் மாணவரின் நிலையும் அதுவே.

நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். ஆற்றல் மிக்க ஒருவர் தோளில் எல்லாச் சுமையையும் ஏற்றிவைத்து, அவர் உள்ளவரை கவலையில்லை என்றிருப்பது நம் வழக்கம். அவர் சாய்ந்தால் அனைத்தும் சாயும். பேருருவம் ஒன்றை நம்பியிருப்பதைவிட, எளியோர் பலர் ஒருவர் பணியை ஒருவர் அறிந்து தாங்கி நிற்பதே உறுதி. ஜமாஅத் என்னும் சொல்லின் பொருளை உணர்ந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். பிழையைப் பொறுத்துக்கொண்டால் அலட்சியம் வளராதா என்பதே அது. நியாயமான வினாதான். வன்தட்டே அதற்கும் விடை சொல்கிறது. பிழைதிருத்தும் குறியீட்டிற்கு ஓர் எல்லை உண்டு. 11 பிட்டைத் தாண்டிய சிதைவை அது திருத்தாது. மேலும், திருத்தம் விலையின்றிக் கிடைப்பதன்று. இருபதில் ஒரு பக்கத்தை வழிகாட்டுதலுக்கென ஒதுக்கினால்தான் கிடைக்கும். பிழையைப் பொறுத்தல் வேறு, பிழையைத் திருத்தும் பொறுப்பை ஏற்றல் வேறு. நாம் வேண்டுவது பின்னதை. பாடவேளைகளில் இருபதில் ஒன்றையேனும் மாணவரின் பிழைகளை அவரோடு அமர்ந்து திருத்துவதற்கு ஒதுக்கும் ஆசிரியர், மற்ற பத்தொன்பதிலும் இருமடங்கு கற்பிக்க இயலும் என்றே நம்புகிறோம்.

இறுதியாகச் சமுதாயப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் முன்னோர் எழுதிய அரபுத்தமிழ்க் கையெழுத்துப் படிகளும் பழைய அச்சு நூல்களும் இல்லங்களின் பேழைகளில் உறங்குகின்றன. அவற்றைப் படமெடுத்து வன்தட்டில் ஏற்றும் முயற்சி பாராட்டத்தக்கது. ஆனால் ஏற்றிய அத்தட்டு ஒன்றே ஒன்றாக ஒருவர் மேசை இழுப்பறையில் கிடக்குமாயின், ஓலைக்கு நேர்ந்த கதி அதற்கும் நேரும். கறையானுக்கு மாறாகத் துரு வரும், தூசி வரும், கைதவறல் வரும். ரெய்டு முறையும் தீயிலிருந்தோ, தவறாக அழித்துவிடும் கையிலிருந்தோ காப்பாற்றாது. ஆகவே ஒரு படியைக் கல்லூரி நூலகத்திலும், ஒரு படியை வேற்றூரிலுள்ள மற்றொரு நூலகத்திலும் வையுங்கள். ஆண்டுக்கொரு முறை அவற்றைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய தட்டிலிருந்து புதிய தட்டுக்குக் காலந்தோறும் மாற்றுங்கள். அமானிதமாக வந்ததை அமானிதமாகவே அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கும் வழி இதுவே.

குறையற்றவன் இறைவன் ஒருவனே. குறையுடைய மனிதன் தன் குறையை ஒப்புக்கொண்டபோது, ஓர் அறையை நிறைத்த பொறியிலிருந்து உள்ளங்கை அளவுத் தட்டு வரை அவன் வழி நீண்டது. இப்பொறியியல் வரலாற்றை நம் மாணவர்கள் வியப்போடு மட்டும் படிக்காமல், தம் பிழையைத் தாமே கண்டு திருத்தும் துணிவோடும் படிப்பார்களாயின், நம் கல்லூரியின் கொள்ளளவும் பெருகும். அதற்கு எல்லாம் வல்ல இறைவன் துணை புரிவானாக!